போர்டு போனா விண்டோஸ் லைசென்ஸும் போச்சா?

12.10.2025, காலை

வந்த கேள்வியை அப்படியே போடுறேன்.

“அண்ணா, ஆபீஸ் சிஸ்டத்தோட மதர்போர்டு போயிருச்சு. சரி பண்ண முடியாதுன்னுட்டாங்க. புதுசா அசெம்பிள் பண்றேன். பழையதுல இருந்தது விண்டோஸ் 10 ப்ரோ, ஒரிஜினல். கடைக்காரர் ‘போர்டு போனா லைசென்ஸும் போச்சு, புதுசு வாங்குங்க’ங்கறார். மச்சான் ‘காசு குடுத்து வாங்கினது, எந்த மெஷினுக்கு வேணா மாத்திக்கலாம்’ங்கறான். யாரை நம்புறது?”

அந்த ‘ஒரிஜினல்’ எந்த வழியா ஆபீஸுக்குள்ள வந்ததுன்னு தெரியாம ரெண்டு பேரையும் நம்ப வேண்டாம். கம்ப்யூட்டரோடவே வர்றது ஓஇஎம். பெட்டியாவோ ஆன்லைன்லயோ தனியா வாங்குறது ரீடெய்ல். கம்பெனியும் காலேஜும் மொத்தமா எடுக்கிறது வால்யூம். ஓஇஎம் லைசென்ஸ் முதல்ல ஏறின மெஷினோட ஒட்டினது. மெஷினை வித்தா கூடவே போகும், தனியா கழட்டிக் குடுக்க முடியாது. ரீடெய்லை உங்களோட இன்னொரு மெஷினுக்கு மாத்தலாம். ஒவ்வொரு தடவை மாத்தும்போதும் பழையதுல இருந்து எடுத்துரணும்னு ஒப்பந்தத்துலயே இருக்கு. வால்யூம் கம்பெனி சொத்து, அதைப் பத்தி வீட்ல உட்கார்ந்து பேசுறதுக்கு ஒண்ணுமில்லை.

மதர்போர்டு ஏன் இவ்வளவு முக்கியம்னா, ஆக்டிவேட் பண்ணும்போது, அதாவது லைசென்ஸ் சரியான்னு மைக்ரோசாஃப்ட் பார்த்து ஒத்துக்கும்போது, மெஷினோட பாகங்களை எல்லாம் சேர்த்து ஒரு கைரேகை மாதிரி எடுத்து அவங்க சர்வர்ல வெச்சுக்கறாங்க. ரேம், டிஸ்க் மாத்தினா பெரும்பாலும் கண்டுக்காது. போர்டு மாறினா அது வேற ஆள்.

பில்லைத் தேடுங்க.

12.10.2025, மதியம்

பில் இல்லையாம். அப்பா வாங்கினதாம். தறி வாங்கின பில் முப்பது வருஷமா பீரோவுல பத்திரமா இருக்காம்.

12.10.2025, ராத்திரி

பில் இல்லேன்னா டிஸ்க்கைக் கேட்கலாம். பழைய எஸ்எஸ்டியைக் கழட்டி வேற மெஷின்ல மாட்டிப் பூட் பண்ணுங்க. விண்டோஸ் 10 பெரும்பாலும் புது ஹார்ட்வேரைப் பார்த்து டிரைவரைத் தேடிக்கிட்டு எழுந்திரும். எக்ஸ்பி காலத்துல இதே வேலையைப் பண்ணினா நீலத்திரைதான்.

ஆக்டிவேஷன் போயிருக்கும், அதைப் பத்திக் கவலை வேண்டாம். கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ‘எஸ்எல்எம்ஜிஆர் /டிஎல்ஐ’ அடிங்க, எல்லாம் இங்கிலீஷ்ல. ஒரு சின்னப் பெட்டி வரும். அதுல ‘சேனல்’னு முடியுற வரியையும், கீயோட (லைசென்ஸுக்குன்னு குடுக்கிற 25 எழுத்து) கடைசி அஞ்சு எழுத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்க.

மாட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு. டிஸ்க்ல பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) போட்டிருந்தா, இடம் மாறினதும் ரிகவரி கீ கேட்கும். 48 இலக்கம், ஆறு ஆறா எட்டுத் தொகுதி. அது இல்லேன்னா லைசென்ஸை விடுங்க, டேட்டாவே போச்சு.

13.10.2025

ஒருத்தர் எழுதியிருக்கார்: “எனக்கு போன் ஆக்டிவேஷன்ல 48 நம்பர் குடுத்தாங்க. அதைத்தான் பிட்லாக்கர்ல போட்டேன், எடுக்கலை.”

எடுக்காது. போன்ல குடுக்கிற உறுதி எண்ணும் 48 இலக்கம், அதுவும் ஆறு ஆறா எட்டுத் தொகுதி. எந்த மகராசன் ரெண்டையும் ஒரே அளவுல தைச்சானோ.

போன் ஆக்டிவேஷன்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. ஈரோட்டுல வீரப்பன்சத்திரம் பக்கம் ஒரு தறிக்கூடம். ஆபீஸ் ரூம் தனியா இருக்கு, ஆனா நடுவுல இருக்கிறது பிளைவுட் தடுப்புதான். நம்ம பக்கத்து இன்ஸ்டாலேஷன் எண் 63 இலக்கம், ஏழு ஏழா ஒன்பது தொகுதி. தானியங்கிக் குரல் கேட்கக் கேட்க ஒவ்வொண்ணா அடிக்கணும். அப்புறம் அவங்க சொல்றதை எழுதிக்கணும். தறி ஓடுற சத்தத்துல ஃபைவுக்கும் நைனுக்கும் வித்தியாசமே தெரியலை. கடைசில முதலாளி எழுந்து போய், “எல்லாத்தையும் நிறுத்துங்கப்பா, கம்ப்யூட்டருக்கு நம்பர் வருது”ன்னு கத்தினார். வரிசையா தறி நின்னுச்சு. அந்தக் கூடத்துல வேலை நேரத்துல அப்படி ஒரு அமைதியை நான் அதுக்கு முன்னாடியும் கேட்டதில்லை, பின்னாடியும் கேட்டதில்லை. அத்தனை பேரும் ஜன்னல் வழியா என்னைப் பார்த்துட்டு நின்னாங்க.

14.10.2025

போட்டோ வந்துருச்சு. ‘ரீடெய்ல் சேனல்’னு இருக்கு. மச்சானுக்கு ஒரே சந்தோஷமாம்.

சந்தோஷத்தை நிறுத்தி வைக்கச் சொல்லுங்க. கடைசி அஞ்சு எழுத்தைப் பாருங்க: 3வி66டி. இது உங்க கீ கிடையாது, ஊருக்கே பொதுவான கீ. விண்டோஸ் 10 ஜூலை 2015-ல வந்தப்போ 7, 8.1 வெச்சிருந்தவங்களுக்கு ஒரு வருஷம் இலவச அப்கிரேட் குடுத்தாங்க. அந்த வழியா ப்ரோவுக்கு ஏறின மெஷின் எல்லாத்துலயும் இதே கீதான் உட்கார்ந்திருக்கும். உண்மையான அனுமதி சர்வர்ல, அந்த மெஷினோட கைரேகைக்கு எதிர்ல. அதுக்கு இப்போ டிஜிட்டல் லைசென்ஸ்னு பேரு. பொதுக் கீ எப்பவும் ‘ரீடெய்ல்’னுதான் காட்டும். கீழே இருந்தது ஓஇஎம்மா இருந்தாலும் அப்படித்தான் காட்டும். இந்த இடத்துலதான் நிறையப் பேர் ஏமாறுறாங்க. இணையத்துல பாதி வீடியோ ‘டிஎல்ஐ அடிங்க, ரீடெய்ல்னு வந்தா மாத்திக்கலாம்’னு முடிச்சுடுது.

அப்கிரேட்ல வந்த லைசென்ஸுக்கு அடியில இருந்த லைசென்ஸோட குணம்தான். ஓஇஎம் 7 மேல ஏறின 10, ஓஇஎம்தான். பெட்டி 7 மேல ஏறின 10-ஐ மாத்தலாம். அதனால கேள்வி 2015-க்கு முன்னாடி போகுது: அந்த மெஷின்ல 7 எப்படி வந்துச்சு? கேபினெட் பக்கவாட்டுல ஸ்டிக்கர் இருக்கான்னு பாருங்க.

இன்னைக்கு விண்டோஸ் 10-க்கே கடைசி நாள். இனி இலவச செக்யூரிட்டி அப்டேட் கிடையாது. நீட்டிப்பு வேணும்னா தனியாப் பதிவு பண்ணணும், அதுவும் வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும்தான். நீங்க புது மெஷின் போடுறதால நேரா 11 போங்க. 10 ப்ரோவோட உரிமை 11 ப்ரோவுக்கும் செல்லும்.

15.10.2025

ஸ்டிக்கர் இருக்காம். பாதி தேய்ஞ்சு போயிருக்கு, ஆனா பேர் தெரியுது: விண்டோஸ் 7 ஹோம் பேசிக்.

கேபினெட்ல ஒட்டினதுன்னா அது மெஷினோட வந்தது, ஓஇஎம். கடைக்காரர் ஜெயிச்சுட்டார்னு தோணும். ஆனா கணக்கு இடிக்குது. ஹோம் பேசிக் இந்தியா மாதிரி நாடுகளுக்குன்னே விலையைக் குறைச்சு வித்த பதிப்பு. இலவச அப்கிரேட்ல ஸ்டார்ட்டர், ஹோம் பேசிக், ஹோம் பிரீமியம் மூணும் 10 ஹோமுக்குத்தான் போகும். ப்ரோவுக்குப் போகணும்னா கீழே ப்ரொஃபஷனலோ அல்டிமேட்டோ இருந்திருக்கணும். உங்க டிஸ்க்ல ப்ரோ இருக்கு. அந்த ஸ்டிக்கர்ல இருந்து அந்த ப்ரோ பொறக்கவே முடியாது.

ரெண்டு வழிதான் எனக்குத் தோணுது. அப்பா தனியா ப்ரொஃபஷனல் வாங்கிப் போட்டிருக்கணும். இல்லேன்னா யாரோ ஒரு ‘பையன்’ வந்து அல்டிமேட்டை கிராக் பண்ணிப் போட்டுட்டுப் போயிருக்கணும். அந்தக் காலத்துல தெருவுக்கு ஒரு பையன் இருந்தான். கையில டிவிடி வெச்சிருப்பான். அவன் போட்ட எல்லாமே அல்டிமேட்தான், ஸ்டார்ட்டர் போட்டு நான் பார்த்ததில்லை.

18.10.2025

தீபாவளிக்குப் பரணைச் சுத்தம் பண்ணியிருக்காங்க. பழைய மானிட்டர் அட்டைப்பெட்டிக்குள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டி: விண்டோஸ் 7 ப்ரொஃபஷனல். உள்ள டிவிடி, கீ ஒட்டின ஸ்டிக்கர். கூடவே பில்லு மடிச்சு வெச்சிருக்கு! மச்சான்தான் கண்டுபிடிச்சாராம். இனி தீபாவளிக்கு அவரைக் கையில பிடிக்க முடியாது.

அட்டையில ‘அப்கிரேட்’னு அச்சடிச்சிருக்கான்னு பார்க்கச் சொன்னேன். அப்படி இருந்தா அதுக்கு அடியில தகுதியான பழைய லைசென்ஸ் ஒண்ணு வேணும், புது மெஷின்ல அது இருக்காது. இல்லையாம், முழுப் பதிப்பு.

அப்ப உரிமை உங்களுக்கு இருக்கு. பெட்டி 7 ப்ரொஃபஷனல், அது மேல 10 ப்ரோ, மாத்திக்கலாம்.

18.10.2025, ராத்திரி

‘அப்ப அந்தப் பெட்டியில இருக்கிற கீயை 11-ல அடிச்சாப் போதுமா’ன்னு கேட்டிருக்கீங்க.

போதாது. உரிமை இருக்கிறது வேற, சர்வர் ஒத்துக்கிறது வேற. 2015 நவம்பர்ல வந்த 1511 பதிப்புல இருந்து விண்டோஸ் 10 இன்ஸ்டாலே 7, 8 கீயை வாங்கிக்கிச்சு. இலவச அப்கிரேட் 2016 ஜூலை 29-ஓட முடிஞ்சதுன்னு சொன்னாங்க, ஆனா அந்தக் கதவைச் சாத்தலை. வருஷக்கணக்கா வேலை செஞ்சது. நானே எத்தனையோ மெஷினுக்கு அந்த வழியில ஏத்தியிருக்கேன். 2023 செப்டம்பர்லதான் ‘அந்த வழியையும் எடுத்துட்டோம்’னு அறிவிச்சாங்க. இப்ப அந்தக் கீயை அடிச்சா செல்லாதுன்னுதான் வரும்.

அந்தக் கீயோட உரிமையை நீங்க 10-ஆ மாத்தியாச்சு. மாத்தினதுக்கு அத்தாட்சி செத்துப்போன போர்டோட கைரேகையில இருக்கு. அதைப் புது போர்டுக்கு நகர்த்த ஒரே நேர் வழி மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட். 2016 ஆகஸ்ட்ல வந்த 1607 பதிப்புல இருந்து, அக்கவுண்ட் போட்டு லாகின் பண்ணியிருந்தா லைசென்ஸ் அந்த அக்கவுண்ட்ல இணைஞ்சிருக்கும். ‘ஹார்ட்வேர் மாத்திட்டேன்’னு சொல்லி அதைக் கேட்டு வாங்கலாம்.

அந்த சிஸ்டத்துல யாராவது எப்பவாவது அக்கவுண்ட் போட்டு உள்ள போனாங்களா? ஆபீஸ்னா அனேகமா பாஸ்வேர்டே இல்லாத லோக்கல் யூசராத்தான் இருக்கும். அப்படின்னா சப்போர்ட்ல பேசி, பில்லையும் பெட்டியையும் காட்டி மன்றாடணும்.

19.10.2025

உங்க அக்கா பொண்ணு கொரோனா சமயத்துல ஆன்லைன் கிளாஸுக்கு அந்த சிஸ்டத்துல உட்கார்ந்திருக்கா. அவ மெயில்தான் போட்டிருக்கு. இப்ப கோயம்புத்தூர்ல காலேஜ். நோம்பிக்கு வரும்போது பாஸ்வேர்டைக் கேட்டு வாங்குங்க. மாமன் பட்டாசு வாங்கிக் குடுத்தாத்தான் சொல்லுவாளாம், நியாயம்தான்.

22.10.2025

நோம்பி முடிஞ்சுது. கொஞ்சம் பழைய கதை.

எக்ஸ்பி 2001-ல வந்தப்போதான் சாதாரண ஆளுக்கு ஆக்டிவேஷன்னு ஒண்ணு இருக்கிறதே தெரிஞ்சது. அதுக்கு முன்னாடி கீயை அடிச்சா முடிஞ்சது, எதிர் முனையில கேட்க ஆள் இல்லை. 2006 அக்டோபர்ல இதைவிடப் பெரிய கூத்து. விஸ்டாவுக்கு ஒப்பந்தம் வெளியிட்டாங்க, பெட்டியில வாங்கின ரீடெய்லாவே இருந்தாலும் வேற மெஷினுக்கு ஒரே ஒரு தடவைதான் மாத்தலாம்னு. சொந்தமா மெஷின் கட்டுறவங்க கொந்தளிச்சுட்டாங்க. நவம்பர் ஆரம்பத்துலயே பின்வாங்கி அந்த வரியை எடுத்துட்டாங்க. பாடம் படிச்சாங்களான்னா, 2013-ல ஆபீஸ் 2013-க்கு அதையே பண்ணினாங்க: ரீடெய்ல் ஆபீஸ் முதல்ல ஏத்தின மெஷினோட சரி. அதுக்கும் சத்தம் கிளம்பி மார்ச்ல மாத்தினாங்க, 90 நாளைக்கு ஒரு தடவை மாத்திக்கலாம்னு.

கடைக்காரர் சொல்ற ‘போர்டு போனா லைசென்ஸும் போச்சு’ சும்மா வந்த பேச்சு கிடையாது. நம்ம ஊர்ல அசெம்பிள் பண்றவங்க கைக்கு வந்ததெல்லாம் ஓஇஎம் பொட்டலம்தான். அவங்க பார்த்த உலகத்துல அது உண்மை.

24.10.2025

‘ஓஇஎம்மை மாத்த முடியாது’ன்னு நான் அடிச்சுச் சொன்னது ஒருத்தருக்குப் பிடிக்கலை. “காசு குடுத்து வாங்கின பொருளை நான் விக்கக் கூடாதா?”

இதுல எனக்கு ரெண்டு மனசு. ஒப்பந்தத்துல எழுதியிருக்கிறதை நான் சொன்னேன். ஒப்பந்தத்துல எழுதினது எல்லாம் எல்லா ஊர்லயும் செல்லுமான்னா, செல்லாது. ஜெர்மனியில கம்ப்யூட்டரோட சேர்த்துத்தான் விக்கணும்னு குடுத்த ஓஇஎம் பிரதியைத் தனியா வித்ததுக்கு மைக்ரோசாஃப்ட் வழக்குப் போட்டுச்சு. 2000 ஜூலையில அங்க உச்ச சிவில் நீதிமன்றம், ஒரு தடவை சந்தைக்கு விட்டதுக்கு அப்புறம் அடுத்த கையில போறதைத் தடுக்க முடியாதுன்னுட்டது. 2012 ஜூலை 3-ல ஐரோப்பிய நீதிமன்றம் யூஸ்டுசாஃப்ட், ஆரக்கிள் வழக்குல இன்னும் ஒரு படி மேல போச்சு. காசு வாங்கிட்டுக் காலவரையில்லாம உரிமை குடுத்தா அது விற்பனைதான், டவுன்லோடா இருந்தாலும் வாங்கினவர் மறுபடி விக்கலாம். ஒரே நிபந்தனை, விக்கிறவர் தன் பிரதியை வேலை செய்யாம ஆக்கிடணும்.

நம்ம நாட்டுல பெட்டி சாஃப்ட்வேர் ‘சரக்கு’தான்னு 2004-ல உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு, டிசிஎஸ் ஆந்திர அரசு மேல போட்ட வழக்குல. ஆனா அது விற்பனை வரிக்காகச் சொன்னது. வரி வாங்கும்போது சரக்கு, நாம விக்கப் போனா லைசென்ஸ். மறுவிற்பனைக்கு அந்தத் தீர்ப்பைத் தூக்கிட்டு வர்ற அளவுக்கு எனக்குச் சட்டம் தெரியாது, ஈரோட்டுல உட்கார்ந்து ஜெர்மனித் தீர்ப்பைக் காட்டினா சர்வரும் கேட்காது.

26.10.2025

“ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்கு ப்ரோ கீ கிடைக்குதே, எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி?”

கிடைக்கும், ஆக்டிவேட்டும் ஆகும். அந்த விலைக்கு வர்றது பெரும்பாலும் எங்கேயோ ஒரு நிறுவனத்தோட வால்யூம் கீ, இல்லேன்னா டெவலப்பர்களுக்குச் சோதனைக்குக் குடுத்தது. ஒரே கீயை ஊர் முழுக்க வித்திருப்பாங்க. ஒரு நாள் முடக்குவாங்க, விளம்பரம் போட்டவர் அப்ப வேற பேர்ல கடை வெச்சிருப்பார். அது வரைக்கும் ஓடினாலும் உங்க கையில உரிமைன்னு ஒண்ணும் கிடையாது. ஆக்டிவேட் ஆனா உரிமைன்னு நினைக்கிறது தப்பு. பரண் பெட்டிக்காரருக்கு இதோட தலைகீழ்: உரிமை கையில, ஆக்டிவேஷன் இல்லை.

உங்க மெஷின்ல என்ன இருக்குன்னு சந்தேகமா? ‘எஸ்எல்எம்ஜிஆர் /எக்ஸ்பிஆர்’ அடிங்க. நிரந்தரமா ஆக்டிவேட் ஆயிருக்குன்னு வரலாம். ஒரு தேதி போட்டு அன்னைக்குக் காலாவதின்னு வந்தா அது கேஎம்எஸ் முறை. நிறுவனங்கள் உள்ளேயே ஒரு சர்வர் வெச்சு, 180 நாளுக்கு உயிர் குடுத்து, இடையில இடையில புதுப்பிச்சுக்கிற ஏற்பாடு. வீட்டு மெஷின்ல அது வந்தா ஆபீஸ்ல இருந்து வந்த பழைய மெஷினா இருக்கணும், இல்லேன்னா யாரோ ஒரு ஆக்டிவேட்டரை ஓட்டியிருக்கணும். ஆக்டிவேட்டரை ஓட்டச் சொல்லும்போது ‘ஆன்ட்டி வைரஸை ஆஃப் பண்ணிக்கங்க’ன்னு சொல்லுவாங்க பாருங்க, அந்த வரியை மட்டும் நின்னு யோசிச்சுப் பாருங்க.

2.11.2025

புது மெஷின் வந்துருச்சு. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, நேர்லயே போய் உட்கார்ந்தேன்.

கடையில விண்டோஸ் 11 போட்டுத்தான் குடுத்திருக்காங்க, ஆனா ஹோம் சிங்கிள் லாங்குவேஜ். பிராண்டு லேப்டாப்ல எல்லாம் அதுதான் வரும், கடைக்காரர் கையில இருந்த பென்டிரைவும் அதுதான். திரையில வலது கீழ் மூலையில ‘ஆக்டிவேட் விண்டோஸ்’னு சாம்பல் எழுத்து. இந்த நிலையில ட்ரபிள்ஷூட்டரை (கோளாறைத் தேடிச் சரி பண்ற விண்டோஸ் வசதி) ஓட்டினா ஒண்ணும் கிடைக்காது. ப்ரோ உரிமை ப்ரோவுக்குத்தான் ஒட்டும், ஹோமுக்கு ஒட்டாது. முதல்ல பதிப்பை மாத்தணும். நெட்டைக் கழட்டிட்டு, செட்டிங்ஸ்ல சிஸ்டம், ஆக்டிவேஷன், கீயை மாத்துற இடத்துல அந்தப் பொது ப்ரோ கீயைக் குடுத்தோம். 3வி66டி-ன்னு முடியுமே, அதேதான். அது ஆக்டிவேட் பண்ணாது, பதிப்பை மட்டும் மாத்தும். சுத்திச் சுத்தி ரீஸ்டார்ட் ஆகி ப்ரோன்னு வந்துச்சு. நெட்டை மாட்டினோம்.

அப்புறம் அக்கா பொண்ணோட அக்கவுண்ட்ல லாகின். அவ போனுக்கு ஓடிபி போச்சு, அவ தூங்கிட்டிருந்தா. அவங்க அம்மா கூப்பிட்டு எழுப்பினாங்க.

ஆக்டிவேஷன் பக்கத்துல ட்ரபிள்ஷூட். ‘முடியலை’ன்னு சொல்லிட்டு, அடியில ஒரு லிங்க் காட்டும்: ‘ஐ சேஞ்ச்டு ஹார்ட்வேர் ஆன் திஸ் டிவைஸ் ரீசன்ட்லி’. அதை அழுத்தினா அந்த அக்கவுண்ட்ல இருந்த மெஷின் எல்லாம் வரிசையா வருது. எல்லாப் பேரும் ‘டெஸ்க்டாப்’னு ஆரம்பிச்சு விண்டோஸே வெச்ச கண்டபடி எழுத்து. எது ஆபீஸ் சிஸ்டம், எது அவ ஹாஸ்டல் லேப்டாப்? லேப்டாப்பைத் தேர்ந்தெடுத்தா ஒட்டாது, அது ஹோம். நல்லவேளை, பழைய எஸ்எஸ்டியைப் பக்கத்து மெஷின்ல மாட்டினப்பவே கம்ப்யூட்டர் பேரைக் காகிதத்துல எழுதி வெச்சிருந்தார். அதைத் தேர்ந்தெடுத்து, ‘நான் இப்ப பயன்படுத்துற டிவைஸ் இதுதான்’ங்கற கட்டத்துல டிக் போட்டு, ஆக்டிவேட்.

ஆயிருச்சு. மூலையில இருந்த சாம்பல் எழுத்து காணோம். மச்சான் “நான் அப்பவே சொன்னேன்”னார். கடைக்காரருக்குப் போட்டோ அனுப்பியிருக்கார். ரெண்டு டிக் நீலமாச்சு, பதில் வரலை.

4.11.2025

ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பார்க்கிற ஒருத்தர்: “டாலியில லைசென்ஸை சரண்டர் பண்ணிட்டுப் புது மெஷின்ல ஆக்டிவேட் பண்றோம். விண்டோஸ்ல சரண்டர் எங்கே?”

நல்ல கேள்வி. கிடையாது. டாலியில பழைய மெஷின்ல சரண்டர் குடுத்தா சர்வருக்குத் தகவல் போகும், அந்த சீரியல் நம்பர் விடுதலை ஆகும், அடுத்த மெஷின் எடுத்துக்கும். கணக்குப் பார்க்கிறவங்க செஞ்ச சாஃப்ட்வேர்னு தெரியுது, வரவு செலவு டேலி ஆகுது. விண்டோஸ்ல ‘எஸ்எல்எம்ஜிஆர் /யுபிகே’ன்னு ஒண்ணு இருக்கு, கீயைக் கழட்டும். ஆனா கழட்டினதை அது சர்வருக்குச் சொல்றதில்லை. அந்த மெஷின்ல இருந்து கீயைத் துடைக்கும், அவ்வளவுதான். ஒப்பந்தப்படி பழையதுல இருந்து எடுத்ததுக்கு அது போதும். மெஷினை விக்கும்போது கீயைப் பிறத்தியார் எடுக்காம இருக்கவும் உதவும். புது மெஷின்ல ஏறுமா ஏறாதாங்கறது அந்தப் பக்கத்துக் கணக்கு.

9.11.2025

இதுதான் வேண்டாம்னு நினைச்சேன், நடந்திருச்சு. ‘சரி பண்ண முடியாது’ன்ன அந்த போர்டை மச்சான் சும்மா இருக்க முடியாம ஒரு சிப் லெவல் ஆள்கிட்ட குடுத்திருக்கார். அவர் ஏதோ கெபாசிட்டரை மாத்தி எழுப்பிட்டார். பழைய எஸ்எஸ்டியை மாட்டினா விண்டோஸ் 10 ப்ரோ, ‘ஆக்டிவேட்டட்’னே வருதாம். “ரெண்டுலயும் ஓடுதே, அப்படியே விட்டுடலாமா? குடோன்ல வெச்சுக்கறோம்.”

விடக் கூடாது. பெட்டி ஒண்ணு, மெஷின் ஒண்ணு. ரெண்டுலயும் பச்சை டிக் வருதுங்கறதால லைசென்ஸ் ரெண்டாகலை. எப்ப வேணா பழையது ‘நீ யாரு’ன்னு கேட்கலாம், அதைவிட மோசம் புதுசு கேட்டுச்சுன்னா. உரிமையைப் புதுசுக்குக் கொண்டு போயாச்சு, பழையதைத் துடைச்சுடுங்க.

துடைச்சா அந்த மெஷினுக்குன்னு சொந்தமா என்ன இருக்கு தெரியுமா? அதே போர்டு, அதே கேபினெட், அதுல ஒட்டின ஸ்டிக்கர்: விண்டோஸ் 7 ஹோம் பேசிக். சட்டப்படி அது அந்த மெஷினுக்கு உயிரோடதான் இருக்கு. 2020 ஜனவரி 14-ஓட சப்போர்ட் முடிஞ்ச ஒண்ணை நெட்ல மாட்ட நான் ஆள் இல்லை. குடோன்ல ஸ்டாக் ஷீட் அடிக்கத்தானே? லினக்ஸ் மின்ட் போட்டு லிப்ரே ஆபீஸ் குடுங்க. ஏற்கனவே பில்லிங் ஆள் ஒருத்தருக்கு அப்படித்தான் போட்டுக் குடுத்தேன். கலர் மாறியிருக்கேன்னு கேட்டார், வேற ஒண்ணும் கேட்கலை.

12.11.2025

மேக் பத்திக் கேட்டவருக்கு: அங்க இந்தப் பிரச்சினையே வராது, வேற மாதிரி வரும். 2013 மேவரிக்ஸ்ல இருந்து ஓஎஸ் இலவசம், ஆனா ஆப்பிள் பேர் போட்ட மெஷின்லதான் ஓட்டணும்னு ஒப்பந்தம். சொந்தமா கட்டின மெஷின்ல அதைப் போட்டு வித்த சைஸ்டார்ங்கற கம்பெனி அமெரிக்காவுல கோர்ட்டு வரைக்கும் போய்த் தோத்துச்சு.

16.11.2025

ஒரு டீச்சரம்மா: “லேப்டாப்புக்கு வாரன்ட்டியில மதர்போர்டு மாத்தினாங்க. இப்ப ஆக்டிவேட் ஆகலை. ஓஇஎம்னா போர்டோட போச்சுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?”

இல்லைங்க, இது வேற. போர்டு பழுதாகித் தயாரிப்பாளரே மாத்திக் குடுத்தா அது அதே மெஷின்தான், லைசென்ஸ் தொடரும். விண்டோஸ் 8-ல இருந்து பிராண்டு மெஷின்ல கீ ஸ்டிக்கர்ல கிடையாது, பயோஸ் சிப்புக்குள்ள எழுதியிருப்பாங்க. மாத்து போர்டு வரும்போது அந்த இடம் காலியா வரும். சர்வீஸ் ஆள்தான் புதுக் கீயை அதுக்குள்ள எழுதணும். அவசரத்துல இதை விட்டுட்டு, ‘ஆன் ஆகுது பாருங்க’ன்னு கையெழுத்து வாங்கிட்டுப் போயிடறாங்க. என் லேப்டாப்புக்கே ஒரு சர்வீஸ் சென்டர்ல இதைப் பண்ணினாங்க. ‘விண்டோஸ் எங்க வேலை இல்லை, தனியா வாங்கிக்கங்க’ன்னாங்க. கீயைப் போர்டுல எழுதறது உங்க வேலைதானேன்னு கேட்டு, வேலைச்சீட்டுல அதை எழுதச் சொன்னதுக்கு அப்புறம்தான் உள்ள எடுத்துட்டுப் போனாங்க.

சரிபார்க்க பவர்ஷெல்ல இதை அடிங்க, இங்கிலீஷ் எழுத்துல: அடைப்புக்குள்ள ‘கெட்-சிம்இன்ஸ்டன்ஸ் சாஃப்ட்வேர்லைசென்சிங்சர்வீஸ்’, அடைப்பை மூடிப் புள்ளி வெச்சு ‘ஓஏ3எக்ஸ்ஒரிஜினல்ப்ராடக்ட்கீ’. முன்னாடி எல்லாரும் சொல்ற டபிள்யூமிக் கட்டளை புது 11-ல இருக்காது. பதிலா 25 எழுத்துக் கீ வந்தா எழுதியிருக்காங்க. வெறுமையா வந்தா எழுதலை. வெறுமையா வந்ததைப் போட்டோ எடுத்து, வாரன்ட்டி முடியுறதுக்குள்ள கம்ப்ளைன்ட் போடுங்க.

17.11.2025

வெறுமையா வந்திருக்காம். கம்ப்ளைன்ட் நம்பர் வாங்கிட்டாங்க. வியாழக்கிழமை ஆள் வர்றதாச் சொல்லியிருக்காங்களாம். வர்றவர்கிட்ட சார்ஜரைக் குடுக்கிறதுக்கு முன்னாடி பிட்லாக்கர் ரிகவரி கீயை எடுத்து வெச்சுக்கச் சொல்லியிருக்கேன்.